தண்ணீர் பட்டதும் பாலாகும் கரைசல்: பிஸ்மத் என்றொரு சாது உலோகம்

பி.எஸ்ஸி. வேதியியல் படித்தவர்களுக்கு இந்தக் காட்சி நினைவிருக்கும். உப்புப் பகுப்பாய்வு வகுப்பு. அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவைக் கரைசலுக்குள் விட்டதும் சோதனைக் குழாயின் அடியில் கறுப்பாக ஏதோ படியும். காரீயமா, செம்பா, பிஸ்மத்தா என்று அப்போதைக்குச் சொல்ல முடியாது. அந்தக் கறுப்பைக் கரைத்து, அம்மோனியா சேர்த்து, அதில் வெள்ளையாகப் படிவதை மட்டும் பிரித்தெடுத்து, இரண்டு மூன்று துளி ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்துக்கொள்வோம். இப்போது குழாயில் இருப்பது தெளிந்த கரைசல். அதை ஒரு பீக்கர் தண்ணீருக்குள் சாய்த்தால், விழுந்த இடத்திலிருந்து வெள்ளை பரவி, கொஞ்ச நேரத்தில் பீக்கர் முழுக்கப் பால். "வெண்மையான கலங்கல். பிஸ்மத் இருப்பது உறுதி" என்று ரெக்கார்டு நோட்டில் எழுதிவிட்டு அடுத்த உப்புக்குப் போய்விடுவோம்.

நானும் அப்படித்தான் போனேன். பல வருடங்கள் கழித்து மாணவர்களுக்கு அதையே செய்து காட்டும்போதுதான், அந்தப் பாலுக்குள் எவ்வளவு விஷயம் இருக்கிறது என்று உறைத்தது. மாத்திரையாக வயிற்றுக்குள் போவது, முத்துப் போல மினுங்கும் நகப்பூச்சு, நச்சுக் குடும்பத்தில் பிறந்தும் அதிகம் தீங்கு செய்யாத குணம் என்று பிஸ்மத்தின் பாதிக் கதைக்கு அந்தப் பீக்கரிலேயே விடை இருக்கிறது.

முதலில் அந்தப் பால் எப்படி உண்டாகிறது என்று பார்த்துவிடுவோம். சாதாரண உப்பைத் தண்ணீரில் போட்டால் கரையும். தண்ணீரைக் கூட்டினால் இன்னும் நன்றாகக் கரையும். பிஸ்மத் குளோரைடு இதற்கு நேர்மாறு. அமிலம் இருக்கும்வரை கரைந்திருக்கும். தண்ணீர் சேர்ந்து அமிலம் நீர்த்துப்போனதும், பிஸ்மத் அணு தண்ணீர் மூலக்கூறிலிருந்து ஆக்ஸிஜனைப் பிடித்துக்கொள்ளும். ஒரு பிஸ்மத், ஒரு ஆக்ஸிஜன், ஒரு குளோரின் சேர்ந்த பிஸ்மத் ஆக்ஸிகுளோரைடு உண்டாகும். இது தண்ணீரில் கரையாத வெள்ளைப் பொடி. அது நுண்ணிய துகள்களாக மிதப்பதைத்தான் பாலாகப் பார்க்கிறோம். சுருக்கமாகச் சொன்னால், பிஸ்மத் அயனிக்குத் தண்ணீரில் கரைந்து கிடக்கப் பிடிக்காது.

இனி பிஸ்மத் குடியிருக்கும் தெருவைப் பார்ப்போம். தனிம வரிசை அட்டவணையில் அதன் எண் 83. இடதுபக்கத்து வீடு காரீயம், அதற்கு முந்தைய வீடு தாலியம். வலதுபக்கம் பொலோனியம். அதே நெடுங்குழுவில் மேலே போனால் ஆன்டிமனி, அதற்கும் மேலே ஆர்சனிக். ஒன்றுகூட நல்ல பெயர் எடுத்ததில்லை. ஆர்சனிக்கும் தாலியமும் கொலைக்குப் பயன்பட்டவை. பொலோனியம் கதிர்வீச்சால் கொல்லும். காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே கெடுக்கும். இத்தனைக்கும் நடுவில் இருக்கும் பிஸ்மத்தை மனிதர்கள் வயிற்றுவலிக்கு மருந்தாக விழுங்குகிறார்கள்.

எப்படி? மறுபடி அந்தப் பீக்கர்தான். காரீய அயனி உடம்புக்குள் கால்சியம் போல வேடம் போடும். கால்சியத்துக்குத் திறக்கும் கதவுகள் அதற்கும் திறக்கும். எலும்பில் போய் வருடக்கணக்கில் தங்கிவிடும். பிஸ்மத் அப்படிக் கரைந்து ஓடுவதில்லை. வயிற்றுக்குள் போனதும் பெரும்பகுதி கரையாத உப்பாகப் படிந்து, குடல் வழியாகவே வெளியே போய்விடுகிறது. இரத்தத்தில் சேர்வது மிகக் கொஞ்சம்.

இந்தக் குணத்தை மருத்துவம் நன்றாகவே பயன்படுத்திக்கொண்டது. அமெரிக்காவில் பிரபலமான இளஞ்சிவப்பு வயிற்று மருந்து பெப்டோ பிஸ்மால் 1900களின் தொடக்கத்தில் வந்தது. அதன் உயிர்நாடி பிஸ்மத் சப்சாலிசிலேட். நம் ஊர் மருந்துக் கடைகளில் பிஸ்மத் சப்சிட்ரேட் மாத்திரையாகக் கிடைக்கும். இரைப்பைப் புண்ணின் மேல் ஒரு படலமாகப் படிந்து, அமிலம் நேரே படாமல் காப்பது இதன் ஒரு வேலை. இன்னொரு வேலை பாக்டீரியாவைக் கொல்வது. வயிற்றுப் புண்ணுக்குக் கவலையும் காரமும்தான் காரணம் என்று உலகமே நம்பிக்கொண்டிருந்த காலத்தில், ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாதான் பெரும்பாலான புண்களுக்குக் காரணம் என்று ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் காட்டினார்கள். மார்ஷல் 1984இல் அந்தப் பாக்டீரியாவைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இன்றும் அந்தக் கிருமியை ஒழிக்கத் தரப்படும் நான்கு மருந்துக் கூட்டில் பிஸ்மத்துக்கு இடம் உண்டு.

பிஸ்மத் மருந்து சாப்பிட்டவர்களில் சிலர் மறுநாள் கண்ணாடியைப் பார்த்துப் பதறிப்போவார்கள். நாக்கு கறுத்திருக்கும், மலமும் கறுத்திருக்கும். வாயிலும் குடலிலும் உண்டாகும் சிறிதளவு ஹைட்ரஜன் சல்ஃபைடோடு பிஸ்மத் சேர்ந்து பிஸ்மத் சல்ஃபைடு ஆவதுதான் காரணம். ஆய்வகக் குழாயில் முதலில் படிந்ததே அந்தக் கறுப்பு, அதேதான். மருந்தை நிறுத்தினால் சில நாட்களில் போய்விடும். ஆனால் இரைப்பையில் இரத்தம் கசிந்தாலும் மலம் கறுக்கும் என்பதால், பிஸ்மத் சாப்பிடாமலே அப்படி ஆனால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

சாது என்பதற்காக அளவில்லாமல் சாப்பிடலாம் என்று அர்த்தமில்லை. 1970களில் பிரான்ஸில் மலச்சிக்கல் போன்ற தொல்லைகளுக்குப் பிஸ்மத் உப்புகளை மாதக்கணக்கில், வருடக்கணக்கில் சாப்பிட்டவர்களுக்குக் குழப்பம், நடுக்கம், வலிப்பு என்று மூளை பாதிப்பு வந்தது. நூற்றுக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள், பலர் இறந்தார்கள். சாலிசிலேட் வகையை வைரஸ் காய்ச்சல் கண்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது. ஆஸ்பிரினுக்குச் சொல்லும் அதே எச்சரிக்கைதான்.

பீக்கரில் பாலாக வந்த பிஸ்மத் ஆக்ஸிகுளோரைடைத் தட்டையான மெல்லிய படிகங்களாக வளர்த்தால், ஒளி அவற்றில் பட்டு முத்து போல மினுங்கும். லிப்ஸ்டிக், கண் இமைப் பூச்சு, நகப்பூச்சு, முகப் பவுடர் ஆகியவற்றில் 'பேர்ல்' பளபளப்புக்கு இதைச் சேர்ப்பது உண்டு. அந்தக் காலத்தில் ஐரோப்பியப் பெண்கள் பூசிய பிஸ்மத் வெள்ளைப் பவுடரில் ஒரு சங்கடம் இருந்தது. கந்தகப் புகை பட்டால் முகம் கறுத்துப்போகும்! அந்தக் கறுப்பு எதுவென்று இனி உங்களுக்கே தெரியும்.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழில் நாம் காரீயம், வெள்ளீயம் என்று இரண்டு உலோகங்களுக்கும் ஒரே ஈயத்தை வைத்து, நிறத்தால் பிரித்துப் பெயர் சொல்கிறோம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம். பழைய தண்ணீர்க் குழாய்களில் இருந்தது காரீயம். ஐரோப்பாவிலும் இதே கதைதான். 16ஆம் நூற்றாண்டில் சுரங்கங்களைப் பற்றி எழுதிய ஜெர்மானியர் அக்ரிகோலா, இலத்தீனில் கறுப்பு ஈயம், வெள்ளை ஈயம் என்பவற்றோடு மூன்றாவதாகச் 'சாம்பல் ஈயம்' ஒன்றைச் சேர்த்தார். அதுதான் பிஸ்மத். அதற்குப் பிறகும் பலர் அதைக் காரீயத்தின் ஒரு வகை என்றே நினைத்தார்கள். 1753இல் பிரான்ஸின் ஜெஃப்ராய்தான் இது தனி உலோகம் என்று நிலைநாட்டினார்.

அந்தச் சாம்பல் ஈயத்தைக் கையில் எடுத்தால் கனம் தெரியும். காரீயம் ஒரு கன செ.மீ.க்கு 11.3 கிராம் என்றால் பிஸ்மத் 9.8 கிராம். வெள்ளி நிறம், அதில் லேசான ரோஜாச் சாயல். காரீயம் வளையும், பிஸ்மத்தைச் சுத்தியலால் தட்டினால் உடையும். அதனால் இதைக் கம்பியாக இழுப்பதோ தகடாக அடிப்பதோ நடக்காது. வெப்பத்தையும் மற்ற உலோகங்களைப் போலக் கடத்தாது. செம்பு கடத்துவதில் ஐம்பதில் ஒரு பங்குதான்.

இன்னொரு விநோதம் தண்ணீருக்குச் சொந்தமானது. பிரீசரில் தண்ணீர் பாட்டிலை நிறைத்து வைத்தால் பனிக்கட்டியாகும்போது விரிந்து பாட்டிலைப் புடைக்க வைக்கும் அல்லவா? உலோகங்கள் பொதுவாக அப்படிச் செய்யாது, உறையும்போது சுருங்கும். பிஸ்மத்தோ சுமார் 3.3 சதவீதம் விரியும். சுருங்கும் உலோகங்களோடு இதைச் சரியான அளவில் கலந்தால், உறைந்த பிறகும் அளவு மாறாத வார்ப்பு கிடைக்கும். மெல்லிய குழாயை நசுங்காமல் வளைக்க வேண்டுமா? பிஸ்மத் கலவையை உருக்கி உள்ளே ஊற்றி, இறுகவிட்டு, வளைத்து, பிறகு வெந்நீரில் போட்டால் கலவை உருகி வெளியே வந்துவிடும். குழாய் மடிப்பு விழாமல் வளைந்திருக்கும்.

வெந்நீரிலேயே உருகும் உலோகமா என்று கேட்கலாம். பிஸ்மத் தனியாக உருக 271 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஆனால் அதோடு காரீயம், வெள்ளீயம், காட்மியம் ஆகியவற்றைச் சேர்த்த 'வுட்ஸ் மெட்டல்' 70 டிகிரியில் உருகிவிடும். காபி சூட்டிலேயே ஸ்பூன் கரைந்துபோகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அணுக்கள் வெவ்வேறு அளவில் இருப்பதால் ஒழுங்கான படிக வரிசை அமைவது கடினமாகிறது. கலவை திரவமாக இருப்பதையே விரும்புகிறது. காட்மியத்தையும் காரீயத்தையும் விட்டுவிட்டு இண்டியம், வெள்ளீயம் சேர்த்தால் 62 டிகிரியில் உருகும் 'ஃபீல்ட்ஸ் மெட்டல்' கிடைக்கும். கையாள இதுதான் பாதுகாப்பு.

இப்படிச் சீக்கிரம் உருகுவதே பல இடங்களில் உயிர் காக்கிறது. தீயணைப்புத் தெளிப்பான்களில் ஒரு வகை இருக்கிறது. இரண்டு சின்னத் தகடுகளை இந்தக் கலவையால் ஒட்டி, தண்ணீரை அடைத்து வைத்திருப்பார்கள். அறை சுமார் 74 டிகிரிக்குச் சூடானால் ஒட்டு விட்டுப்போகும், தண்ணீர் கொட்டும். மின்சாரமோ ஆளோ தேவையில்லை.

நம் சமையலறை குக்கரிலும் இதே யோசனைதான். மூடியில் வெயிட் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில், பட்டன் அளவில் ஒரு சேஃப்டி வால்வு இருக்கும். கழற்றிப் பார்த்தால் நடுவில் மங்கிய வெள்ளியாக ஒரு பொட்டு தெரியும். அதுதான் உருகும் கலவை. இந்த வகைக் கலவைகளில் பிஸ்மத்தும் வெள்ளீயமும் முக்கியமானவை. குக்கர் ஒழுங்காக வேலை செய்யும்போது உள்ளே 120 டிகிரியைச் சுற்றி இருக்கும். பருப்புத் தோல் நீராவித் துளையை அடைத்துவிட்டாலோ, தண்ணீர் வற்றி அடிப்பிடித்தாலோ சூடு அதைத் தாண்டும். அப்போது அந்தப் பொட்டு உருகி வழிவிட, நீராவி சீறிக்கொண்டு வெளியேறும். மூடி பறந்து கூரையில் அடிப்பதற்குப் பதிலாக, ஒரு வால்வின் விலையோடு போகும். இதனால்தான் போன வால்வின் துளையை வேறு எதையாவது வைத்து அடைக்காதீர்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வேன். எந்த உலோகம் எந்தச் சூட்டில் உருகும் என்று கணக்குப் போட்டு வைத்த இடம் அது.

கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளாகப் பிஸ்மத்துக்கு வந்திருக்கும் மிகப் பெரிய வேலை, பக்கத்து வீட்டுக் காரீயம் செய்த வேலைகளை வாங்கிக்கொள்வது. எனக்கு இதுதான் அதன் கதையில் மிகவும் பிடித்த பகுதி. மின்னணுப் பொருட்களில் பாகங்களை ஒட்டும் காரீயப் பற்றுக்கு (சால்டர்) ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை முதல் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அதற்கு மாற்றாக வந்த பற்றுகளில் ஒன்று 58 பங்கு பிஸ்மத்தும் 42 பங்கு வெள்ளீயமும் சேர்ந்தது. 138 டிகிரியிலேயே உருகுவதால் சூடு தாங்காத பாகங்களைப் பலகையில் பற்றவைக்க வசதி. பித்தளைக் குழாய்களைக் கடைசலில் எளிதாகச் சீவ வேண்டும் என்பதற்காகக் காரீயம் கலப்பது வழக்கம். குடிதண்ணீரில் அது கசியும். அந்த இடத்தில் பிஸ்மத் கலந்த பித்தளை வந்திருக்கிறது. நீர்ப்பறவை வேட்டையில் சிதறிய காரீயக் குண்டுகளைப் பறவைகள் கூழாங்கல் என்று விழுங்கி நஞ்சேறிச் செத்தன. வேட்டைக்காரர்கள் பிஸ்மத் குண்டுக்கு மாறத் தொடங்கினார்கள். பளிச்சென்ற மஞ்சள் பெயின்ட்டுக்கு முன்பு காரீய குரோமேட்தான் கதி. இன்று பிஸ்மத் வனடேட் என்ற மஞ்சள் நிறமி அந்த வேலையைச் செய்கிறது. வாணவேடிக்கையில் உச்சிக்குப் போய்ச் சடசடவென்று வெடித்துச் சிதறும் பொறிகளுக்குக்கூடச் செவ்வீயம் என்ற காரீய ஆக்ஸைடுக்குப் பதிலாகப் பிஸ்மத் ஆக்ஸைடு வந்துவிட்டது.

இணையத்தில் பிஸ்மத் என்று தேடினால் முதலில் வருவது வேறு. கோயில் படிக்கட்டு போல அடுக்கடுக்காக, வானவில் நிறத்தில் ஜொலிக்கும் படிகங்கள். பலரும் அது சாயம் பூசியது என்று நினைக்கிறார்கள். இல்லை. தூய பிஸ்மத்தை எவர்சில்வர் பாத்திரத்தில் உருக்கினேன். முதலில் மேலே சாம்பல் நிற ஆடை கட்டும். கரண்டியால் ஒதுக்கினால் அடியில் பாதரசம் போலப் பளபளப்பு. அடுப்பை அணைத்து மெல்ல ஆறவிட வேண்டும். ஓரத்திலிருந்து இறுகிக்கொண்டே வரும். பாத்திரத்தை லேசாக அசைத்தால் நடுவில் மட்டும் தளும்பும் அந்தக் கணத்தில், மிச்சத் திரவத்தை வேறு பாத்திரத்துக்குச் சாய்த்துவிட வேண்டும். உள்ளே வெள்ளி நிறத்தில் சதுரப் படிகள் நிற்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை பொன்னிறமாகி, ரோஜாவாகி, ஊதாவாகி, நீலமாகும். நான்காவது முறைதான் எனக்கு ஒழுங்காக வந்தது. முந்தைய மூன்று முறையும் சீக்கிரம் சாய்த்துவிட்டேன்.

படிக்கட்டு ஏன் வருகிறது? வளரும் படிகத்தின் விளிம்புகளுக்குத்தான் திரவத்திலிருந்து அணுக்கள் முதலில் கிடைக்கின்றன. விளிம்பு ஓடிவிடும், முகத்தின் நடுப்பகுதி பின்தங்கிக் குழிந்துபோகும். நிறம் ஏன்? சூடான உலோகத்தின் மேல் காற்று பட்டு மிக மெல்லிய ஆக்ஸைடு படலம் உண்டாகிறது. படலத்தின் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று மோதுவதில் சில நிறங்கள் அழிந்து சில ஓங்குகின்றன. மழை பெய்த ரோட்டில் பெட்ரோல் சிந்தினால் தெரியும் வானவில்லும் இப்படித்தான். படலத்தின் தடிமன் மாற மாற நிறம் மாறும். செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு: அந்தப் பாத்திரம் மறுபடி சமையலுக்கு வரக் கூடாது, கண்ணாடியும் கையுறையும் கட்டாயம், பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இருக்கக் கூடாது. உருகிய உலோகத்தில் தண்ணீர் விழுந்தால் தெறித்து முகத்தில் அடிக்கும்.

அந்தப் படிகத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு, பக்கத்தில் வலுவான நியோடிமியம் காந்தத்தைக் கொண்டுபோனால், இரும்பு போல ஓடிவராது; மெல்ல விலகும். எந்தத் துருவத்தைக் காட்டினாலும் விலகும். இதை 1778இலேயே நெதர்லாந்தின் புருக்மன்ஸ் கவனித்தார். 1845இல் ஃபாரடே இந்தக் குணத்துக்கு டயாகாந்தம் என்று பெயரிட்டார். உலோகங்களில் இந்த விலக்கம் பிஸ்மத்தில்தான் அதிகம். பிஸ்மத்தோடு டெல்லூரியம் சேர்ந்த சேர்மத்தில் மின்சாரம் செலுத்தினால் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும். காரில் வைக்கும் குட்டிக் குளிர்பெட்டிகளில் கம்ப்ரஸர் இல்லாமல் குளிர்விப்பது இதுதான்.

பிஸ்மத் கதிரியக்கம் உள்ளதா என்று கேட்பவர்கள் உண்டு. ஆம், ஆனால் பயப்பட ஒன்றுமில்லை. நிலையான தனிமங்களில் கடைசி என்று நெடுங்காலம் பாடப்புத்தகத்தில் இதைத்தான் எழுதினார்கள். 2003இல் பிரான்ஸில் ஓர்சே ஆய்வாளர்கள் அது சிதைவதை அளந்துவிட்டார்கள். அரைவாழ்வுக் காலம், அதாவது இருக்கும் அணுக்களில் பாதி சிதைய ஆகும் காலம், சுமார் 2 போட்டு 19 சுழிகள் சேர்த்த அத்தனை ஆண்டுகள். பிரபஞ்சத்தின் வயது 1380 கோடி ஆண்டுகள்தான். அதைப் போல நூறு கோடி மடங்குக்கும் மேல். கணக்குப் போட்டால் ஒரு கிராம் பிஸ்மத்தில் ஒரு வருடம் முழுக்கச் சுமார் 100 அணுக்கள் சிதையும். நம் உடம்பில் இயல்பாக இருக்கும் பொட்டாசியத்திலோ ஒவ்வொரு நொடியும் சில ஆயிரம் அணுக்கள் சிதைந்துகொண்டிருக்கின்றன.

2016இல் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் எஸ். ராமகிருஷ்ணன், தமிழவேள் உள்ளிட்ட குழுவினர் தூய பிஸ்மத் படிகத்தைத் தனிச்சுழி வெப்பநிலைக்கு (சுமார் மைனஸ் 273 டிகிரி செல்சியஸ்) ஒரு டிகிரியில் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்கு மேலேவரை குளிர்வித்து, அது மின்தடையே இல்லாத மீக்கடத்தியாக மாறுவதைக் கண்டார்கள். சயின்ஸ் இதழில் அது வெளியானது. பிஸ்மத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் அணுக்களுக்கு ஒரே ஒரு எலக்ட்ரான்தான் ஓடித் திரிகிறது. இவ்வளவு குறைந்த எலக்ட்ரான்களை வைத்துக்கொண்டு மீக்கடத்தல் எப்படி என்பதை வழக்கமான கோட்பாட்டால் விளக்க முடியவில்லை.

எல்லாம் சரி, இந்த உலோகம் எங்கிருந்து வருகிறது? இங்கேதான் ஒரு முடிச்சு இருக்கிறது. பிஸ்மத்துக்காகவே தோண்டும் சுரங்கங்கள் மிகவும் அரிது. பெரும்பகுதி காரீயத்தைச் சுத்தம் செய்யும்போது மிஞ்சுவது. டங்ஸ்டன் போன்ற தாதுக்களோடு சேர்ந்தும் கொஞ்சம் வருகிறது. உருகிய காரீயத்தில் கால்சியமும் மெக்னீசியமும் சேர்த்தால், அவை பிஸ்மத்தைக் கட்டிக்கொண்டு மேலே நுரை போல மிதந்து வரும். அதை வழித்தெடுத்துச் சுத்தம் செய்தால் பிஸ்மத். ஆக, காரீயத்துக்கு மாற்றாக நாம் நம்பியிருக்கும் உலோகம் கிடைப்பதே காரீயம் எடுப்பவர்கள் இருப்பதால்தான். காரீயத்தின் தேவை குறைந்தால் பிஸ்மத்தின் வரத்தும் குறையும். சுத்திகரிப்பில் பெரும்பங்கு சீனாவிடம் இருக்கிறது. 2025 பிப்ரவரியில் சீனா ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்ததும் உலகச் சந்தையில் பிஸ்மத் விலை பல மடங்கு எகிறியது.